பதினெட்டு பீடி நேரம்

ஜூன் 29, சனி

மத்தியானம் செல்லக்கனி வந்தாள். என் வீட்டுக்காரருடைய தங்கை. என் மகள் சக்தி போய் ஆகஸ்ட் இரண்டாம் தேதியோடு வருசம் திரும்புகிறது, அதைப் பேச வந்தாள். கல்யாணம் ஆகாமல் போன பிள்ளையைக் கன்னியாகக் கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்றாள். இனி ஆகாமல் போக இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"ஓலைப்பெட்டிக்குச் சொல்லியாச்சு மதினி. சுடிதார், வளையல், பவுடர் எல்லாம் நான் வாங்கிட்டு வாரேன். அவளுக்குப் புடிச்ச சாமான் ஒண்ணு வைக்கணும்லா. அந்த லேப்டாப்பை வச்சிருவோம். எப்பப் பாத்தாலும் அதைத்தான மடியில வச்சிருப்பா."

"புடிச்சதா? அது ஓடாம அதைப் பாத்துப் பாத்து அழுதா அந்தப் பிள்ள."

"அப்ப வேற என்னத்த வைக்க? நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுசியம் சுட்டு வைப்போம் என்றேன். சுசியம் எனக்குப் பிடித்தது என்பது செல்லக்கனி பஸ் ஏறிப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

டிரங்குப் பெட்டியில் இருந்து அதை வெளியே எடுத்தேன். பன்னிரண்டாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. சார்ஜ் ஏற்றி, பட்டனை அமுக்கிவிட்டு, சுளகை மடியில் வைத்து பீடி சுற்ற உட்கார்ந்தேன். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. அது திறப்பதற்குள் பதினெட்டு பீடி சுற்றி முடித்தேன்.

போன இடத்திலுமா அவள் இதை மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்? வைத்தால் ஓடுகிறதாகத்தான் வைப்பேன். இல்லாவிட்டால் வைக்க மாட்டேன்.

ஜூலை 1, திங்கள்

பாவூர்சத்திரத்தில் ஜெசிந்தா என்கிற பெண் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸும் உண்டு. முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாது.

"யாருக்குக்கா இது?"

"எம் மகளுக்கு."

"அவளக் கூட்டிட்டு வாங்க. என்ன தேவைன்னு கேட்டுட்டுச் செய்வோம்."

"அவ வர மாட்டா."

"வெளியூர்லயா இருக்கா?"

"ஆமா" என்றேன்.

திறந்து பார்த்தாள். திறக்கிற வரைக்கும் இரண்டு பேருக்கு ஜெராக்ஸ் போட்டு அனுப்பினாள். பிறகு அவள் முகம் மாறியது.

"விவரமான பிள்ளயா இருக்காளே. இதுல இருந்த பழைய சிஸ்டத்த எடுத்துட்டு லினக்ஸ் போட்டு வச்சிருக்கா. அதுலயும் ரொம்ப லேசானது. வயசான மாட்டுக்குப் பாரம் கொறச்சு வண்டி கட்டுன மாதிரி. இதுக்கு மேல லேசா வேணும்னா சிலேட்டுதான்க்கா."

"பெறகு ஏன் ஓடல?"

"அதைத்தான் ஒவ்வொண்ணாப் பாக்கணும். நீங்களே வீட்டுல செய்யலாம். சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

"நான் ஆறாங்கிளாசு."

"எழுதத் தெரியும்லா? போதும்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நகைக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக ஜன்னல் ஆடாமல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். எழுதத்தானே கொடுத்தார்கள் என்று மற்றதையும், சனிக்கிழமை நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் வேலை. திறந்தவுடன் நாம் கேட்காமலே சில புரோகிராம் தானாக ஓடத் தொடங்கும். அதற்கு எதிரே உள்ள டிக்கை எடுக்க வேண்டும். இரண்டாவது, வேண்டாத பைல்களை அழிக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும். மூன்றாவது, அப்படியும் ஓடாவிட்டால் கடைக்குக் கொண்டுவர வேண்டும், மெமரி கூட்டிப் பார்க்கலாம்.

எங்கே எங்கே அமுக்க வேண்டும் என்பதைப் படமாகவே வரைந்துகொண்டேன்.

ஜூலை 3, புதன்

முதல் வேலைக்கு அவசியமே இல்லை. ஜெசிந்தா சொன்ன பட்டியலில் ஒரு டிக்கும் இல்லை. எல்லாவற்றையும் சக்தியே எடுத்திருக்கிறாள்.

இரண்டாவது வேலை, பைல். அவள் எதையும் பூட்டி வைக்கவில்லை. பூட்டுப் போடக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். வயசுப்பிள்ளை வைத்திருக்கிற சாமானில் அம்மாவுக்குத் தெரியாமல் என்ன பூட்டு? எல்லாரும்தான் சொல்கிறார்கள், நான் மட்டுமா.

அழிக்கிற அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. பாட்டு இல்லை, படம் இல்லை. 'டைப்பிங்' என்று ஒன்று. 'வேலை' என்று ஒன்று. அதற்குள் வேலை 1, வேலை 2 என்று வேலை 31 வரைக்கும் வரிசையாகப் போகிறது. எல்லாம் விண்ணப்பம். நாலு இடத்துக்குப் போட்டிருக்கேன்மா என்று என்னிடம் சொன்னாள்.

வேறு யாரைப் பற்றியும் ஒன்றும் இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 6, சனி

ஜெசிந்தா பின்பக்கம் இருந்த ஒரு சின்ன மூடியைக் கழற்றி, வேறொரு செத்த லேப்டாப்பில் இருந்து எடுத்த மெமரியை மாட்டினாள். செத்த லேப்டாப் என்று அவள்தான் சொன்னாள்.

வீட்டில் திறந்து பார்த்தேன். பதினொரு பீடி.

ஜூலை 9, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்து வாசலில் நின்றார். நான் பீடி இலையை உதறினேன். போய்விட்டார்.

ஜூலை 12, வெள்ளி

செல்லக்கனி போன் பண்ணினாள். "எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனா என்ன மதினி? ஒரு வருசமா வீட்டுக்குள்ள ஊமையாத் திரியுதாரு. குடியைக்கூட விட்டுட்டாரு" என்றாள்.

விட்டுவிட்டாராம். பிள்ளையை விட்ட பிறகு.

என் வீட்டுக்காரர் தங்கப்பழம், காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவள் போவதற்கு முந்தின தீபாவளிக்கு போனஸ் வந்ததும் புது லேப்டாப் வாங்கித் தருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போனஸ் வந்தது. மூன்று நாள் கழித்து அவரும் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. சக்தி அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை. யாரிடமோ கேட்டுக்கேட்டு, பழசிலேயே அந்த லினக்ஸைப் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான்.

அந்த நாளை எழுதிவிடுகிறேன். எழுதினால் திரும்பத் திரும்ப வராது என்று நினைக்கிறேன்.

ஒரு கம்பெனியில் டைப்பிங் பரீட்சை வைத்தார்கள். வீட்டில் இருந்தே எழுதலாம், ஆனால் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் முடியாது. காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும். என் பக்கத்தில்தான் உட்கார்ந்து எழுதினாள். மூன்று தடவை பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை நின்றபோது அவள் அழவில்லை. "அம்மா, நான் மெர்சி வீட்டுக்குப் போய் எழுதிட்டு வாரேன்" என்று அப்பாவுடைய பைக்கை எடுத்தாள். மெர்சி கூடப் படித்தவள், அவள் வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் உண்டு. மணி ஒன்று இருக்கும். வளைவில் மண் லாரி.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் முன்னால் அவரைப் பார்த்துச் சொன்னேன். "எம் பிள்ளய நீருதான் குடிச்சுக் கொன்னீரு." அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

எழுதியும் வருகிறது.

ஜூலை 15, திங்கள்

இன்று ஜெசிந்தா உள்ளே இருந்த டிஸ்க்கை மாற்றினாள். பழசு இரும்பு மாதிரி கனமாக இருந்தது. புதுசு தீப்பெட்டி கனம்கூட இல்லை. உள்ளே இருப்பதில் ஒரு எழுத்து போனாலும் உன்னைச் சும்மா விட மாட்டேன் என்றேன்.

"அம்மாடி, கலெக்டர் ஆபீஸ் பைலாக்கா இது? அப்படியே எடுத்து அப்படியே வச்சிருவேன், பயப்படாதிய" என்று சிரித்தாள்.

கடையில் திறந்து காட்டினாள். பட்டனை அமுக்கிக் கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். ஓடக்கூடியதுதான். தீப்பெட்டி அளவு சாமான். புதுசு வாங்க வேண்டாம், இதை ஒன்று வாங்கிப் போட்டிருந்தால் போதும். அந்த ஆளுக்கு அதற்குக்கூடக் கை வரவில்லை. நான் சொன்னது சரிதான்.

ஜூலை 17, புதன்

வீட்டில் நன்றாகத் திறக்கிறது. ஆனால் ஒரு கட்டு பீடி சுற்றுவதற்குள் சூடு ஏறிப் படுத்துவிடுகிறது. ஒரு எழுத்து அமுக்கினால் அது திரையில் வருவதற்குள் ஒரு பீடிக்கு நூல் கட்டிவிடலாம்.

ஜூலை 18, வியாழன்

திரும்பவும் கடைக்குப் போனேன். அங்கே மேஜையில் பேன் காற்றுக்கு எதிரே வைத்தாள். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. இந்தச் சனியன் என்னைப் பொய்க்காரி ஆக்குகிறது.

"எங் கடைன்னா ஓடுது, ஒங்க வீடுன்னா படுக்குது. ஒங்க வீட்டுல பேய் கீய் இருக்கோ?" என்றாள் ஜெசிந்தா.

நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்க்கா. ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு வாரேன். எங்ஙன வச்சு ஓட்டுதியன்னு நேர்ல பாத்துருவோம்" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

வந்தாள். வாசல்படி தாண்டியதும் நான்கு தும்மல்.

"எப்பா, என்னக்கா இந்த நெடி!"

"பீடித்தூளு. எங்களுக்குப் பழகிருச்சு."

அவள் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். என் சுளகு, தூள் டப்பா, இலைக்கட்டு. சுளகுக்கு ஒரு முழம் தள்ளி, தரையில் லேப்டாப்.

"இங்ஙனயா வச்சு ஓட்டுதிய?"

"ஆமா."

"மகளும் இங்ஙனதான் உக்காருவாளா?"

"இங்ஙனதான். எங் கண்ணு முன்னால."

அவள் பையில் இருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, இந்தத் தடவை பின்பக்கம் முழுவதையும் கழற்றினாள். உள்ளே ஒரு குட்டி பேன் இருக்கிறது, எனக்கு இதுவரை தெரியாது. சூட்டை வெளியே தள்ளுகிற பேனாம். அதன் வாயில் அடை அடையாக, பழுப்பாக, தலையணைப் பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. பல் தேய்க்கிற பிரஷ் கேட்டாள். கொடுத்தேன். தட்டத் தட்ட பேப்பரில் விழுந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. பதினாலு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த தூள்.

"பாத்தியளா? காத்துப் போக வழியில்ல. சூடு ஏறுனா எரிஞ்சு போயிரக் கூடாதுன்னு அதுவே வேகத்தக் கொறச்சுக்கிடும். டிஸ்க்கு, மெமரி எல்லாம் பெறகுதான்க்கா. முதல்லயே இதைத் திறந்து பாக்காம விட்டுட்டேன், எம் புத்தி."

"இது எத்தன நாளா இருக்கும்?"

"வருசக் கணக்கா இருக்கும். ஒரு நாள்ல சேர்ற தூசியா இது?"

"அப்ப, போன வருசமும்?"

"அப்பவும் இருந்திருக்கும். ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல."

மூடித் திருகி, பட்டனை அமுக்கினாள். சத்தமே இல்லாமல் ஓடியது. அவள் காபி குடித்தாள், இரண்டாவது காபியும் குடித்தாள். அது நிற்கவில்லை. இதற்குக் காசு எதுவும் வேண்டாம், பிரஷ்கூட உங்களுடையதுதானே என்று சிரித்தாள்.

"மக ஊர்ல இருந்து எப்ப வாரா?"

"ரெண்டாந்தேதி."

"வந்ததும் சொல்லுங்க. காத்தோட்டமா எங்கயாச்சும் வச்சு வேல பாக்கச் சொல்லுங்க."

சரி என்றேன்.

ஜூலை 22, திங்கள்

இன்று பீடி சுற்றவில்லை. கை வலி என்று பீடிக் கடைக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 24, புதன்

முன்பெல்லாம் சக்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத்தான் போவாள். ஓட்டு வீடு இல்லையே, மேலே மொட்டை மாடி இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொள்வாள். "கீழ புழுக்கமா இருக்கும்மா" என்பாள். எனக்கு இல்லாத புழுக்கம் உனக்கு மட்டும் என்னடி என்று கேட்டேன். அடுத்த தெருவில் ஒரு பையன் அவன் வீட்டு மாடியில் நிற்பான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். ஒருநாள் மேலே ஏறிப் போய் முடியைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தேன். இனிமேல் என் கண் முன்னால்தான் உட்கார வேண்டும் என்று என் பக்கத்தில் இடம் காட்டினேன்.

அவள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. பரீட்சை அன்றைக்கு "மாடியில வச்சு எழுதட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். சரிம்மா என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குத் தூசி என்று தெரிந்திருக்குமா? தெரிந்தால் சொல்லியிருப்பாளே. பிறகு யோசித்தேன். நாலு என்று சொன்னவள் முப்பத்தொன்று போட்டிருந்தாள். எதைச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 28, ஞாயிறு

இது யாருக்கும் தெரியாது. ஜெசிந்தாவுக்கு விவரம் தெரியாது. தூள் கொட்டிய பேப்பரை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அவரிடம் சொல்ல வேண்டும் என்று என்ன இருக்கிறது? சொன்னால், என் மேல் தப்பில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் குடிக்கக் கடைக்குப் போவார். ஒரு வருசமாகப் போகாதவர். அவர் நல்லதுக்குத்தான் சொல்லாமல் இருக்கிறேன்.

இன்று அவருக்கு மீன் குழம்பு வைத்தேன். தட்டை வைத்துவிட்டு எப்போதும் போல உள்ளே போகாமல் கொஞ்சம் நின்றேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையிலேயே செல்லக்கனியும் பக்கத்து வீட்டுக்காரிகளும் வந்துவிட்டார்கள். சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அதன் முன்னால் ஓலைப்பெட்டி. அதில் ரோஸ் கலர் சுடிதார். சர்க்கரைப் பொங்கல், சுசியம், கொழுக்கட்டை எல்லாம் இலையில். லேப்டாப்பைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தேன். திறந்தும் வைத்தேன். பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"நல்லா ஓடுதே மதினி!" என்றாள் செல்லக்கனி. "இதையா ஓடலன்னு சொன்னிய?"

மேலவீட்டு வள்ளிமயில் சும்மா இருப்பவள் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டே, "இப்ப ஓடி யாருக்கு? காலத்துல செஞ்சிருந்தா பிள்ள இருந்திருக்கும். சில பேருக்குக் குடிக்கத்தான கை நீளும்" என்றாள்.

அவர் சாம்பிராணிக் கரண்டியோடு நின்றார். தலை குனிந்துதான் இருந்தது. இந்த ஒரு வருசமும் யார் சொன்னாலும் இப்படித்தான் நிற்கிறார். நான் சொல்லிக் கொடுத்த பாடம், ஊரே சொல்கிறது.

எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"அவர ஒண்ணும் சொல்லாத" என்றேன். "அது நான் செஞ்சது. எம் பீடித்தூளு உள்ள போய் அடைச்சுக்கிடுச்சு. மாடிக்குப் போன பிள்ளய நான்தான் இழுத்துட்டு வந்து தூளுக்குள்ள உக்கார வச்சேன். திறந்து பாத்தாச்சு. ஆள் வந்து திறந்து பாத்துட்டா."

"சாமி கும்பிடுற நேரத்துல என்ன பேச்சு மதினி இது" என்று செல்லக்கனி என் வாயைப் பொத்த வந்தாள். வள்ளிமயில் பின்னால் நகர்ந்துகொண்டாள். அவசர அவசரமாகச் சூடம் காட்டிக் கும்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டு சுசியத்தை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். செல்லக்கனியும் பாத்திரம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள்.

அவர் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் தள்ளி உட்கார்ந்தேன்.

"தூசியாம்" என்றார். ஒரு வருசம் கழித்து அந்தக் குரலைக் கிட்டத்தில் கேட்கிறேன். "தூசி எந்த வீட்டுல இல்ல? புதுசு வாங்கிக் குடுத்திருந்தா ஒரு வருசத்துக்காச்சும் ஓடியிருக்கும்லா? அந்தப் பரீட்சய எழுதியிருப்பாள்லா?"

"அதுலயும் தூளு போயிருக்கும். நான்தான் பக்கத்துல உக்கார வச்சிருப்பேன்."

"போனஸ் வாங்குன அன்னைக்கு மார்க்கெட் வாசல்ல வந்து நின்னா. ஒனக்குத் தெரியாது. 'வாங்கப்பா, ரெண்டு பேருமாப் போயி வாங்கிட்டு வருவோம்'ன்னு என் கையப் புடிச்சா. நீ வீட்டுக்குப் போ, நான் பின்னால வாரேன்னு சொன்னேன். போயிட்டா. திரும்பிப் பாக்காமப் போனா." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதுக்கு எந்தத் தூசியச் சொல்லுவ?"

"அவள முடியப் புடிச்சு இழுத்தேன் நான்."

"நீ இழுத்த. இழுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்ட. நான் பக்கத்துலயே இல்லயே."

"இப்ப என்ன, எம் மேல ஒண்ணுமே இல்லன்னு சொல்லுதீரா?"

"இல்ல."

"இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"இங்க பாரு." என் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் சிவந்திருந்தது. "நீ ஆஸ்பத்திரியில சொன்னியே ஒரு வார்த்தை, அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஒரு வருசமா அந்தக் கடையத் தாண்டிப் போயிட்டு வாரேன். சாயங்காலம் ஆனா அந்த வார்த்தைய ஒரு தடவ சொல்லிக்கிடுவேன், கால் தானா வீட்டுக்குத் திரும்பிரும். எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் புடுங்கிராத."

இலையில் வைத்திருந்த பொங்கலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஊதிவிட்டார்.

"பாதியாச்சும் எனக்குத் தாரும்" என்றேன்.

"தர மாட்டேன்" என்றார்.